வலி எங்கே இருந்து வருது? காட்டிக் கொடுக்கும் மரப்பு ஊசி!

கடலூர்,

"இடுப்புல பிடிச்ச வலி தொடை வழியா இறங்கி கெண்டைக்கால் வரைக்கும் சுண்டி இழுக்குது டாக்டர்..."

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் எந்த ஆஸ்பத்திரி வாசலில் காலையில் போய் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் கூடை தூக்குபவர், பண்ருட்டி பக்கம் நாள் முழுக்க உட்கார்ந்த இடத்திலேயே முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண், நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டுபவர், சிதம்பரம் சுற்று வட்டாரத்தில் குனிந்து நாற்று நடுபவர், கட்டிட வேலைக்குப் போகும் சித்தாள், பஸ் டிரைவர் என்று எல்லோருக்கும் இருப்பது ஒரே புகார்தான். ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போச்சு.

அதனால் முதலில் மெடிக்கல் கடையில் இரண்டு மாத்திரை. அது கேட்காவிட்டால் பக்கத்து கிளினிக்கில் இடுப்பில் ஒரு ஊசி. இரண்டு நாள் தாங்கும். மூணாம் நாள் வலி திரும்பி வந்து விடும். இப்படியே மாதக்கணக்கில் வலி மாத்திரை விழுங்கி வயிறு புண்ணாகி, கிட்னி கெட்டுப் போனவர்களும் உண்டு.

இந்த இடுப்பு ஊசியும் மாத்திரையும் உடம்பு முழுக்க ஓடும் மருந்து. வலி எங்கே இருந்து கிளம்புகிறது என்பது அதற்குத் தெரியாது. ஆனால் இன்னொரு வகை ஊசி இருக்கிறது. சந்தேகப்படும் நரம்பின் பக்கத்திலேயே போய் அதை மட்டும் சில மணி நேரம் மரத்துப் போக வைக்கும் ஊசி. 'நெர்வ் பிளாக்' என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். வலியைக் குறைப்பது மட்டும் இதன் வேலை இல்லை. வலிக்கு எந்த நரம்பு காரணம் என்று துப்பு துலக்குவதும் இதன் வேலைதான்.

பல் ஆஸ்பத்திரியில் பார்த்த ஊசிதான்

கேட்பதற்குப் புதுசாக இருந்தாலும் பெரும்பாலானவர்கள் இதை ஏற்கனவே போட்டுக் கொண்டிருப்பார்கள். கீழ்த்தாடை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது பல் டாக்டர் பல்லிலா ஊசி போடுகிறார்? வாயின் கடைசியில், தாடை எலும்பின் உள்பக்கமாகப் போடுகிறார். கொஞ்ச நேரத்தில் பாதி உதடு தடித்த மாதிரி ஆகி, தண்ணீர் குடித்தால் வழிகிறது. கீழ்த்தாடைக்குப் போகும் நரம்பை மேலேயே மறித்து விட்டதால் வந்த வினை அது. கை எலும்பு முறிந்து ஆபரேஷன் செய்யும்போது கழுத்துக்குக் கீழே ஒரு ஊசி போட்டு கையை மட்டும் மரக்க வைப்பதும் இதே வகைதான்.

மருந்து என்ன செய்கிறது? வலி என்ற செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போவது ஒரு வகை மின்சார ஓட்டம். சமையல் உப்பில் இருக்கும் அதே சோடியம் நரம்பின் சின்னச் சின்ன கதவுகள் வழியாக உள்ளே பாய்ந்தால்தான் அந்த ஓட்டம் நகரும். லிக்னோகெய்ன், பியூபிவகெய்ன் போன்ற மருந்துகள் அந்தக் கதவை அடைத்து விடுகின்றன. செய்தி நடுவழியில் நின்று போகிறது. மருந்து கரைந்ததும் கதவு திறந்து கொள்ளும். நரம்புக்குச் சேதம் இல்லை.

ஆரம்பம் கோகெய்னில்

இந்த வித்தையின் முதல் மருந்து எது தெரியுமா? இன்று போலீஸ் பிடிக்கும் கோகெய்ன்தான். 1884-ல் வியன்னா நகரில் கார்ல் கொல்லர் என்ற டாக்டர் கண்ணில் கோகெய்ன் சொட்டு விட்டு கண்ணை மரக்க வைக்கலாம் என்று காட்டினார். அதே ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை சிகிச்சை டாக்டர் அதை ஊசியில் ஏற்றி நரம்புப் பக்கத்தில் செலுத்தினார். இப்போது பல் டாக்டர் போடும் அதே கீழ்த்தாடை ஊசிக்கு அவர்தான் முன்னோடி.

பாவம், மருந்தைத் தன் மேலேயும் கூட வேலை செய்த டாக்டர்கள் மேலேயும் போட்டுப் பார்த்ததில் ஹால்ஸ்டெட் கோகெய்னுக்கு அடிமையாகி விட்டார்.

போதை ஏற்றாத மருந்தைத் தேடி ஜெர்மனியில் ஐன்ஹார்ன் என்ற விஞ்ஞானி புரோகெய்னைக் கண்டுபிடித்தார். 1943-ல் சுவீடன் நாட்டில் லோஃப்கிரென் என்பவர் லிக்னோகெய்னை உருவாக்கினார். அவருடன் வேலை செய்த லுண்ட்குவிஸ்ட் என்ற இளைஞர் அதைத் தன் உடம்பிலேயே ஊசி போட்டுச் சோதித்துப் பார்த்தார். 1957-ல் பியூபிவகெய்ன் வந்தது. லிக்னோகெய்ன், பியூபிவகெய்ன் இரண்டும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்றும் இருக்கின்றன.

ஸ்கேன் இருக்கும்போது ஊசி எதற்கு?

"அதான் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தாச்சே, ஜவ்வு விலகிடுச்சுன்னு எழுதியிருக்கே" என்று பலரும் கேட்பார்கள். இங்கேதான் சிக்கல்.

முதுகு வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களை எல்லாம் சேர்த்துப் பார்த்த ஒரு ஆய்வு 2015-ல் வெளியானது. சுமார் 3,100 பேரின் படங்கள். வலி என்ற பேச்சே இல்லாத 20 வயதுக்காரர்களில் 100-க்கு 30 பேருக்கு ஜவ்வு பிதுங்கி இருந்தது. 80 வயதுக்காரர்களில் 100-க்கு 84 பேருக்கு. அதாவது தலைமுடி நரைப்பது மாதிரி ஜவ்வு தேய்வதும் பிதுங்குவதும் வயதோடு வருகிற விஷயம். ஸ்கேனில் தெரிகிறது என்பதற்காக அதுதான் வலிக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஒருவருக்கு ஸ்கேனில் இரண்டு இடத்தில் ஜவ்வு பிதுங்கி இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். எந்த இடம் குற்றவாளி? முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக இறங்கி கட்டை விரல் வரை வலி போனால் ஒரு நரம்பு. குதிகால், சுண்டு விரல் பக்கம் போனால் அதற்கு அடுத்த நரம்பு. பாதிப் பேருக்கு வலி இப்படி ஒழுங்காகக் கோடு போட்ட மாதிரி வருவதில்லை. அப்போதுதான் டாக்டர் சந்தேகப்படும் ஒரு நரம்பை மட்டும் மரக்க வைத்துப் பார்க்கிறார். வலி நின்றால் குற்றவாளி சிக்கினான். நிற்காவிட்டால் அந்த நரம்பு நிரபராதி. தப்பான இடத்தில் ஆபரேஷன் செய்து கொண்டு பணத்தையும் உடம்பையும் கெடுத்துக் கொள்வதை விட இது எவ்வளவோ மேல்.

இன்னொரு விஷயம். முதுகெலும்புக் கட்டைகள் ஒன்றோடு ஒன்று சேரும் இடத்தில் பின்பக்கமாகச் சின்ன மூட்டுகள் இருக்கின்றன. 'ஃபேசட்' மூட்டு என்று பெயர். பின்பக்கம் வளையும்போதும் திரும்பும்போதும் சுருக்கென்று பிடிக்கும் இடுப்பு வலிக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்து இதை உறுதி செய்ய முடியாது. ஊசிதான் வழி. இடுப்புப் பகுதியில் ஒரு மூட்டுக்கு இரண்டு நரம்பு வருவதால் ஒரே மூட்டைச் சோதிக்க இரண்டு இடத்தில் ஊசி போடுவார்கள். மருந்து ரொம்பக் கொஞ்சம், ஒரு இடத்துக்கு அரை மில்லி அளவுதான். அதிகம் போட்டால் பக்கத்து நரம்புக்கும் பரவி சோதனையே குழம்பிப் போகும்.

எப்படிப் போடுவார்கள்?

குப்புறப் படுக்க வைத்து, தோலைச் சுத்தம் செய்து, தோல் மரக்க முதலில் ஒரு சின்ன ஊசி. அது எறும்பு கடித்த மாதிரி சுரீர் என்று இருக்கும். பிறகு 'சி-ஆர்ம்' எனப்படும் எக்ஸ்ரே கருவியின் திரையைப் பார்த்துக் கொண்டே மெல்லிய நீள ஊசியை நகர்த்துவார்கள். சில நரம்புகளுக்கு அல்ட்ராசவுண்டு ஸ்கேன் போதும். கர்ப்பிணிக்கு வயிற்றில் வைத்துப் பார்ப்பார்களே, அதே கருவிதான். முழு மயக்கம் தர மாட்டார்கள். நோயாளி முழித்திருந்து பேச வேண்டும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்து விடும். கொஞ்ச நேரம் கண்காணித்து அன்றே வீட்டுக்கு அனுப்பி விடுவார்கள்.

முக்கியம் அந்த 4 மணி நேரம்

ஊசி போட்டவுடன் "அப்பாடா" என்று வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்கி விடுகிறவர்கள்தான் அதிகம். சாயந்திரம் எழுந்து பார்த்தால் மருந்து இறங்கி பழைய வலி வந்திருக்கும். "ஊசி கேட்கலை" என்று சொல்லி விடுவார்கள். சோதனை வீண்.

லிக்னோகெய்ன் சுமார் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வேலை செய்யும். பியூபிவகெய்ன் அதை விட அதிக நேரம் தாங்கும். அந்த நேரத்துக்குள் என்ன நடந்தது என்பதுதான் டாக்டருக்கு வேண்டும். அதனால் வழக்கமாக எது செய்தால் வலிக்குமோ அதை மெதுவாகச் செய்து பார்க்க வேண்டும். குனிய வேண்டும், உட்கார்ந்து எழ வேண்டும், நாலு எட்டு நடக்க வேண்டும். மரத்துப் போன தைரியத்தில் மூட்டை தூக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஊசிக்கு முன்னால் 10-க்கு எத்தனை வலி, அரை மணி கழித்து எத்தனை, ஒரு மணி, இரண்டு மணி, நாலு மணி கழித்து எத்தனை என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்தால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியாக இருந்தால் கூட வந்த பேரனோ மருமகளோ கேட்டு எழுதலாம். "ரூபாய்க்கு எட்டணா குறைஞ்சுது", "முக்கால்வாசி போயிடுச்சு" என்று சொன்னாலும் டாக்டருக்குப் புரியும். பாதிக்கு மேல் குறைந்தால் நல்ல அறிகுறி. சில இடங்களில் 80 சதவீதம் குறைந்தால்தான் அடுத்த சிகிச்சைக்குப் போவார்கள்.

அன்று காலையில் வலி மாத்திரை போட்டு விட்டுப் போனாலும் சோதனை கெட்டுப் போகும். வலி இல்லாத நேரத்தில் ஊசி போட்டால் குறைந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டுக் கொள்வது நல்லது.

டாக்டர் மனசு நோகக் கூடாது என்று...

நம்ம ஊரில் இன்னொரு பழக்கம். "எப்படிம்மா இருக்கு?" என்று பெரிய டாக்டர் கேட்டால், "நல்லா இருக்குங்க ஐயா" என்று சொல்லி விடுவார்கள். வலி அப்படியே இருக்கும். இவ்வளவு மெனக்கெட்டாரே, இல்லை என்று எப்படிச் சொல்வது என்ற மரியாதை.

இந்த ஊசியைப் பொறுத்தவரை அந்த மரியாதை ஆபத்து. ஊசி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நோயாளியின் வாய்தான். ரத்தத்தில் பார்க்கவோ படத்தில் பார்க்கவோ முடியாது.

உண்மையாகவே குறைந்த மாதிரி தோன்றுவதும் உண்டு. ஊசி போட்டாச்சு என்ற நம்பிக்கையிலேயே வலி குறையும். இடுப்பு மூட்டு நரம்பு சோதனையில் ஒரே ஒரு தடவை ஊசி போட்டு முடிவு செய்தால், நாலு பேரில் ஒருவருக்கு மேல் தப்பான 'ஆமாம்' வரலாம் என்று ஆய்வுகள் கூறுகின்றன. அதனால்தான் பல டாக்டர்கள் வேறொரு நாளில் வேறு மருந்தை வைத்து இரண்டாவது தடவையும் சோதிக்கிறார்கள். "காசு பிடுங்கத்தான் மறுபடி கூப்பிடுறாங்க" என்று சந்தேகப்பட வேண்டாம்.

முக வலியில் இது இன்னும் குழப்பம். கன்னத்தில் மின்னல் வெட்டின மாதிரி வரும் நரம்பு வலியைப் பல் வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக் கொண்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பல்லுக்குப் பக்கத்தில் ஊசி போட்டால் இந்த வலியும் கொஞ்ச நேரம் நின்று விடும். அதை மட்டும் வைத்துப் பல்தான் காரணம் என்று முடிவு கட்டக் கூடாது. ஒரு பல் பிடுங்கியும் அதே வலி தொடர்ந்தால் அடுத்த பல்லைப் பிடுங்கச் சொல்லாமல் நரம்பு டாக்டரைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

மல்யுத்த வீரர் ஆரம்பித்த சிகிச்சை

வலிக்கு என்றே தனி சிகிச்சைப் பிரிவு உருவாகக் காரணமானவர் ஒரு மல்யுத்த வீரர் என்றால் நம்புவீர்களா? இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜான் போனிகா, டாக்டருக்குப் படிக்கப் பணம் வேண்டி முகமூடி போட்டு மல்யுத்த மேடையில் இறங்கினார். மயக்க மருந்து டாக்டர் ஆன பிறகு இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களைக் கவனித்தார். காயம் ஆறியும் வலி ஆறாதவர்களைப் பார்த்து நரம்பு ஊசிகளைப் போட ஆரம்பித்தார். 1953-ல் வலி சிகிச்சை பற்றி அவர் எழுதிய தடிமனான புத்தகம்தான் இந்தத் துறைக்கு அடிப்படை. மேடையில் வாங்கிய அடியால் அவர் உடம்பே வலிக் கூடாக இருந்தது தனிக் கதை.

இப்போதும் இந்த ஊசியைப் பெரும்பாலும் போடுவது மயக்க மருந்து டாக்டர்கள்தான். "ஆபரேஷனுக்குத் தூங்க வைக்கிறவர்தானே" என்று நினைக்க வேண்டாம். எந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி.

வலி எத்தனை நாள் நிற்கும்?

சோதனை ஊசி சில மணி நேரம்தான். வலி குறைய வேண்டும் என்று போடும்போது மரக்கும் மருந்தோடு ஸ்டீராய்டு சேர்ப்பார்கள். வீங்கிய நரம்பு வேரின் வீக்கம் அடங்கும். சில வாரம், சிலருக்குச் சில மாதம் நிம்மதி. பிதுங்கிய ஜவ்வை இது உள்ளே தள்ளாது. ஆனால் காலுக்கு இறங்கும் வலி பலருக்கு ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதத்துக்குள் தானாகவே குறையும் ரகம். அந்த நாட்களைத் தள்ளவும், உடற்பயிற்சி செய்யவும் ஊசி கைகொடுக்கும். பயிற்சி செய்யாமல் ஊசியை மட்டும் நம்பினால் வலி திரும்பும்.

சின்ன மூட்டுகள்தான் காரணம் என்று இரண்டு சோதனையிலும் உறுதியானால், அந்த நரம்பை ரேடியோ அலையால் சுமார் 80 டிகிரிக்குச் சூடாக்கிச் செயல் இழக்க வைக்கலாம். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தாங்கும். நரம்பு மறுபடி முளைக்கும், அப்போது திரும்பச் செய்து கொள்ளலாம்.

கணையப் புற்றுநோய் போன்றவற்றில் வயிற்றைப் பிசையும் வலிக்கு, வயிற்றின் பின்பக்க நரம்புக் கூட்டத்தில் ஆல்கஹால் செலுத்தி மாதக்கணக்கில் வலியை அடக்குவதும் உண்டு.

"நரம்புல போட்டா கால் விளங்காம போயிடும்"

இந்தப் பயம்தான் பலரைத் தடுக்கிறது. ஊசி நரம்புக்கு உள்ளே போவதில்லை, பக்கத்தில்தான். சில மணி நேரம் கால் தளர்ந்து போகலாம். அதனால் துணைக்கு ஆள் இல்லாமல் போகக் கூடாது. அன்று பைக் ஓட்டக் கூடாது. நிரந்தரப் பாதிப்பு அபூர்வம்.

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதால்தான் பத்து வருடமாக இடுப்பு வலி என்று சொல்லும் பெண்கள் தெருவுக்கு நாலு பேர். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும், உண்மை. வருடக்கணக்கில் வலி வர அது காரணம் இல்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. 2012-ல் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனி தயாரித்த ஸ்டீராய்டு மருந்தில் பூஞ்சை கலந்து விட்டது. அதை முதுகிலும் மூட்டிலும் போட்டுக் கொண்டவர்களில் 753 பேர் நோய்வாய்ப்பட்டனர். 64 பேர் உயிரிழந்ததாக 2013-ல் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் கணக்குச் சொன்னது. மருந்தும் ஊசியும் சுத்தமாக இருக்க வேண்டும், ஆக்சிஜன் வசதி இருக்க வேண்டும். மாடிப்படிக்குக் கீழே மேஜை போட்டு "முதுகுக்கு ஊசி போடுறேன்" என்பவரிடம் முதுகைக் காட்டக் கூடாது.

சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும். இதய நோய்க்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலிலேயே சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்தவும் கூடாது. கர்ப்பமாக இருந்தாலும், உடம்பில் சீழ் கட்டி இருந்தாலும், முன்பு எந்த ஊசியாவது ஒத்துக் கொள்ளாமல் போயிருந்தாலும் மறைக்கக் கூடாது.

சாயந்திரம் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரியில் அதிகமாகும் முதுகு வலி இருந்தால் அது முதுகெலும்பு காச நோயாகக் கூட இருக்கலாம். அதற்கு வேண்டியது காச நோய் மருந்து, ஸ்டீராய்டு ஊசி இல்லை. முதுகு வலியோடு சிறுநீர் வராமலோ தெரியாமலோ போனால், உட்காரும் இடம் மரத்துப் போனால், கால் இழுத்துக் கொண்டால் ஒரு நாள் கூடத் தள்ளாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எங்கே போவது?

சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985-ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி 2021-ல் சுகாதாரத் துறையின் கீழ் வந்து, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஆகி விட்டது. ஜனங்கள் வாயில் இன்னும் "ராஜா முத்தையா"தான். கடலூரில் இருந்து சுமார் 45 கிலோ மீட்டர். கடலூர் அரசு தலைமை ஆஸ்பத்திரியோ, சிதம்பரம் காமராஜ் அரசு ஆஸ்பத்திரியோ பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் அங்கே எலும்பு டாக்டரைப் பார்க்கலாம். வடக்குப் பக்கம் உள்ளவர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் பக்கம். சுகாதாரத் தகவலுக்கு அரசின் 104 எண்ணும் இருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிப்பு கவனிப்பும் பிசியோதெரபியும் தருகிறார்கள்.

போகும்போது பழைய ஸ்கேன், எக்ஸ்ரே, சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். ஊசி போட்டும் வலி துளியும் குறையவில்லை என்றால் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டு விட்டு வேறு ஆஸ்பத்திரி மாறுகிறார்கள் சிலர். அந்தச் சீட்டையும் பையில் வைத்திருக்க வேண்டும். அந்த நரம்பு இல்லை என்று தெரிந்து விட்டதால், அடுத்த டாக்டர் இடுப்பு மூட்டையோ, இடுப்பெலும்பு பின்பக்கம் சேரும் மூட்டையோ நேராகச் சோதிக்க ஆரம்பிக்கலாம்.